கர்ப்ப கால ஸ்கேன்: எதை எப்போது எடுப்பது, எதை எவ்வளவு நம்புவது

தனியார் மருத்துவமனையில் காட்டுகிற ஒரு கர்ப்பிணிக்கு இன்று பிரசவத்துக்குள் ஐந்தாறு ஸ்கேன் ஆகிவிடுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுகிறவருக்கு இரண்டு மூன்றோடு முடிந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட பரிந்துரையில் 24 வாரத்துக்கு முன் ஒரு ஸ்கேன் என்றுதான் சொன்னது. அப்படியானால் ஐந்தாறு எடுப்பவர் ஏமாறுகிறாரா, இரண்டு மூன்றோடு நிறுத்துபவர் ஆபத்தில் இருக்கிறாரா?

ஸ்கேன் சென்டரில் டாக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் திரையைப் பார்த்துக்கொண்டே சொல்லும் அளவுகளை ரிப்போர்ட்டாக டைப் செய்வது என் வேலை. பணம் கட்டும் இடத்திலும் நான்தான் இருப்பேன். அதனால் டாக்டரிடம் கேட்கத் தயங்குகிற கேள்விகள் எல்லாம் என்னிடம் வரும். இத்தனை வருடத்தில் எனக்குப் பட்டது இது: எத்தனை ஸ்கேன் என்பது பெரிய விஷயமில்லை, எந்த வாரத்தில் என்பதுதான் விஷயம். ஒவ்வொரு ஸ்கேனும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எடுக்கப்படுகிறது. அந்தக் கேள்விக்கு உரிய வாரம் கடந்துவிட்டால் மிஷின் அதேதான், டாக்டர் அதே ஆள்தான், பதில் மட்டும் தெளிவாக வராது.

தேதிக்கு எது கணக்கு: தலைக்குக் குளித்த நாளா, ஸ்கேனா?

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள். ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் பிரசவத் தேதி. ஜனவரி 1 என்றால் அக்டோபர் 8. இந்தக் கணக்கு 28 நாளைக்கு ஒருமுறை சரியாக மாதவிலக்கு வந்து, பதினான்காம் நாள் வாக்கில் கரு உருவாகும் பெண்ணுக்குப் பொருந்தும். நாள் தள்ளித் தள்ளி வருகிறவர்கள், நீர்க்கட்டி இருக்கிறவர்கள், தாய்ப்பால் கொடுக்கும்போதே அடுத்தது தங்கியவர்கள், கருத்தடை மாத்திரையை நிறுத்திய கையோடு கர்ப்பமானவர்கள் ஆகியோருக்குப் பொருந்தாது. தேதியே நினைவில்லாமல் “பொங்கலுக்கு முந்தின வாரம்னு நினைக்கிறேன்” என்று சொல்கிறவர்களும் நிறைய.

இங்கேதான் முதல் மூன்று மாத ஸ்கேன் அடித்து நிற்கிறது. கருவை உச்சி முதல் பிட்டம் வரை நேர்க்கோட்டில் அளக்கிறார்கள். ரிப்போர்ட்டில் சி.ஆர்.எல். என்று மில்லிமீட்டரில் இருக்குமே, அதுதான். கிளாஸ்கோவில் ராபின்சன் என்பவர் 1970-களில் இதற்கு அட்டவணை போட்டார். அதிலிருந்து இன்றுவரை கர்ப்பத்தின் வயதைச் சொல்ல இதைவிட நம்பகமான அளவு வரவில்லை. முதல் மூன்று மாதத்தில் இதன் பிழை ஐந்து முதல் ஏழு நாள். காரணம் எளிது: அந்த வாரங்களில் அப்பா உயரமா, அம்மா குள்ளமா, சர்க்கரை இருக்கிறதா என்பதெல்லாம் கருவின் அளவை அவ்வளவாகத் தொடுவதில்லை. எல்.கே.ஜி. குழந்தையின் உயரத்தைப் பார்த்து வயதைச் சொல்லிவிடலாம், பத்தாம் வகுப்பில் அது நடக்காது. வயிற்றுக்குள்ளும் அதே கதைதான்.

மாதம் ஏற ஏறப் பிழை கூடும். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பின் வரையறை நடைமுறையில் வசதியானது. ஒன்பது வாரம் முடிவதற்குள் எடுத்த ஸ்கேன், மாதவிலக்குக் கணக்கிலிருந்து ஐந்து நாளுக்கு மேல் வித்தியாசப்பட்டால் ஸ்கேன் தேதியை எடுத்துக்கொள்ளலாம். 9 முதல் 16 வாரத்துக்குள் என்றால் ஏழு நாளுக்கு மேல், 22 வாரத்துக்குள் என்றால் பத்து நாளுக்கு மேல், 28-க்குள் பதினான்கு நாளுக்கு மேல். அதற்குப் பிறகு இருபத்தொரு நாளுக்கு மேல் வித்தியாசம் வந்தால்தான் யோசிக்கவே வேண்டும். ஏழாம் மாதத்துக்குப் பிறகு ஸ்கேன் சொல்லும் வயது முன்பின் மூன்று வாரம் ஆடும் என்று இதற்கு அர்த்தம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கடைசி மாதவிலக்கு ஜனவரி 1, பிரசவத் தேதி அக்டோபர் 8. மார்ச் 1-ம் தேதி ஸ்கேன். மாதவிலக்குக் கணக்கில் அன்றைக்கு எட்டு வாரம் மூன்று நாள் ஆகியிருக்க வேண்டும். கருவின் நீளமோ ஏழு வாரம் ஒரு நாளுக்கு உரியது. ஒன்பது நாள் வித்தியாசம். ஐந்தைத் தாண்டிவிட்டதால் தேதி அக்டோபர் 17 ஆக மாறும். கரு தாமதமாக உருவாகியிருக்கிறது, அவ்வளவுதான். குழந்தை வளரவில்லை என்று அழ வேண்டியதில்லை.

இப்போது அதே பெண் செப்டம்பர் 1-ல் ஸ்கேனுக்கு வருகிறார். திருத்திய தேதிப்படி 33 வாரம் மூன்று நாள். குழந்தை கொஞ்சம் பெரிய உடம்பு. தலை, வயிறு, தொடை எலும்பு மூன்றையும் அளந்து மிஷின் சராசரி போட்டு 35 வாரம் என்கிறது, கூடவே தானாகவே அக்டோபர் 6 என்று புதிதாக ஒரு தேதியையும் அச்சடிக்கிறது. வீட்டில் கலவரம் ஆரம்பம். “டேட் முன்னாடி வந்துருச்சே!” எதுவும் முன்னால் வரவில்லை. பதினொரு நாள் வித்தியாசம் எட்டாம் மாத ஸ்கேனின் பிழைக்குள் அடக்கம். தேதி அக்டோபர் 17 தான். ஒரு தடவை முதல் மூன்று மாத ஸ்கேனில் தேதி முடிவாகிவிட்டால் அதற்குப் பிறகு எந்த ஸ்கேனும் அதை மாற்றக் கூடாது.

இதில் விளையாட்டில்லாத இடம் ஒன்று இருக்கிறது. நல்ல நட்சத்திரம் பார்த்து சிசேரியன் வைப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். மேலே சொன்ன பெண் வீட்டில் அக்டோபர் 6-ஐ நம்பி, “ஒரு வாரம் முன்னாடி நல்ல நாள் இருக்கு” என்று செப்டம்பர் 29-ஐக் குறித்தால், உண்மையில் அன்றைக்கு 37 வாரம் மூன்று நாள்தான் ஆகியிருக்கும். வேறு மருத்துவக் காரணம் இல்லாத சிசேரியனை 39 வாரம் முடிந்த பிறகே வைக்கச் சொல்வது குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரக் கூடாது என்பதற்காக. ஜோசியரிடம் போகும்போது கையில் எடுத்துப் போக வேண்டியது முதல் ஸ்கேன் ரிப்போர்ட்.

மிஷினுக்குள் இருக்கும் சூத்திரம் யாருடையது என்பதும் ஒரு கேள்வி. கடைசி மாதங்களின் அளவுகளுக்குப் பெரும்பாலான மிஷின்களில் இருப்பது ஹேட்லாக் என்ற அமெரிக்க மருத்துவர் 1980-களில் அங்குள்ள கர்ப்பிணிகளை அளந்து உருவாக்கியது. ஐ.ஐ.டி. மெட்ராஸும், ஃபரிதாபாத்தில் உள்ள டி.எச்.எஸ்.டி.ஐ. ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, குருகிராம் அரசு மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணிகளின் அளவுகளை வைத்து கர்பிணி-ஜி.ஏ.2 என்ற சூத்திரத்தை 2024-ல் வெளியிட்டன. நம் ஊர்க் குழந்தைகளுக்கு இது பிழையைக் குறைக்கும் என்கிறார்கள். எல்லா மிஷினிலும் வருவதற்கு நாளாகும். அதுவரை முதல் ஸ்கேனைத் தவறவிடாமல் இருப்பதுதான் வழி.

முதல் ஸ்கேன்: ஆறாம் வாரமா, எட்டா, பன்னிரண்டா?

வீட்டில் டெஸ்ட் செய்து இரண்டு கோடு பார்த்த மறுநாளே ஓடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆசை புரிகிறது. ஆனால் ஐந்தாம் வாரத்தில் வந்தால் பை மட்டும் தெரியும். உள்ளே கருவும் துடிப்பும் தெரிய ஆறு வாரம் ஆக வேண்டும், அதுவும் பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் ஸ்கேனில். வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால் இன்னும் ஒரு வாரம் போக வேண்டும். “பை இருக்கு, குழந்தை தெரியல” என்ற ஒரு வரியோடு வீட்டுக்குப் போகிற குடும்பம் அடுத்த பத்து நாளை எப்படிக் கழிக்கும் என்று எனக்குத் தெரியும். நாள் தள்ளி வருகிற பெண்ணாக இருந்தால் உண்மையில் ஐந்தாம் வாரம்கூட முடிந்திருக்காது.

துடிப்பு இல்லை என்று முடிவு கட்டுவதற்கு டாக்டர்களுக்கே கடுமையான வரம்பு இருக்கிறது. கரு 7 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் வளர்ந்தும் துடிப்பு இல்லை, அல்லது பையின் சராசரி அளவு 25 மில்லிமீட்டரை எட்டியும் கருவே இல்லை. இந்த இரண்டில் ஒன்றாவது இருந்தால்தான் ஒரே ஸ்கேனில் கலைந்துவிட்டது என்று சொல்லலாம். அதற்குக் குறைவாக இருந்தால் ஏழு முதல் பதினான்கு நாள் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு யாராவது “கிளீன் பண்ணிடலாம்” என்று சொன்னால் ரிப்போர்ட்டில் இந்த இரண்டு எண்ணையும் பாருங்கள், கூசாமல் கேளுங்கள்.

ஆகவே வலி இல்லை, ரத்தப்போக்கு இல்லை, முன்பு குழாயில் கரு தங்கிய வரலாறு இல்லை என்றால் எட்டாம் வாரத்தை ஒட்டி வருவது உசிதம். வலியோ ரத்தமோ இருந்தால் எந்த வாரமானாலும் அன்றைக்கே போக வேண்டும். கையில் பணம் இழுபறி, முதல் மூன்று மாதத்தில் ஒன்றுதான் முடியும் என்றால் நான் எட்டாம் வாரத்தை விட்டுவிட்டுப் பன்னிரண்டாம் வாரத்தைச் சொல்வேன். தேதியும் கிடைக்கும், கருவின் கழுத்துப் பின்னால் உள்ள நீரை அளக்கும் என்.டி.யும் ஒரே டேபிளில் முடிந்துவிடும்.

உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கேன் என்றதும் மாமியார்கள் மிரளுகிறார்கள். அதனால் கரு கலையாது. கருவி கருப்பை வாயைத் தாண்டி உள்ளே போவதில்லை. ஆரம்ப வாரங்களிலும், பிறகு கருப்பை வாயின் நீளம் அளக்கும்போதும், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்க்கும்போதும் அதுதான் துல்லியம். இன்னொரு லாபம், வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு நெளிய வேண்டியதில்லை.

என்.டி. ஸ்கேனா, ரத்தப் பரிசோதனையா, என்.ஐ.பி.டி.யா?

கருவின் கழுத்துக்குப் பின்னால் தோலடியில் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். அதன் தடிமனைத்தான் என்.டி. என்று அளக்கிறார்கள். கரு 45 முதல் 84 மில்லிமீட்டர் நீளம் இருக்கும்போது, அதாவது 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாள் வரை, மட்டும்தான் இதை அளக்க முடியும். அதற்குப் பிறகு அந்த நீர் வடிந்துவிடும். “ஊருக்குப் போயிட்டேன், 15-வது வாரம் ஆயிடுச்சு, என்.டி. எடுக்கலாமா?” என்று போனில் கேட்டால் என்னால் இல்லை என்றுதான் சொல்ல முடியும். இந்த மூன்று வாரத்துக்குள்ளும் 12 முதல் 13-க்குள் வருவது நல்லது. பதினொன்றில் வந்தால் கை, கால், மண்டை ஓடு, வயிற்றுப் பை எல்லாம் அவ்வளவு தெளிவாக இருக்காது.

என்.டி. அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் டவுன் சிண்ட்ரோம் உள்ள பத்துக் கருவில் ஏறக்குறைய ஏழு பிடிபடும். அதோடு டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்தால் எட்டரை, ஒன்பது வரை போகும். தாயின் ரத்தத்தில் மிதக்கும் கருவின் டி.என்.ஏ.வைப் பார்க்கும் என்.ஐ.பி.டி. 99 சதவீதத்தைத் தாண்டும், விலையும் பல மடங்கு தாண்டும். அப்படியானால் பணம் இருக்கிறவர் ஸ்கேனை விட்டுவிட்டு என்.ஐ.பி.டி. மட்டும் எடுத்தால் போதுமா? போதாது. மண்டை ஓடு உருவாகவில்லை என்பதையோ, இரட்டைக் குழந்தைகள் ஒரே நஞ்சைப் பங்கு போடுகின்றனவா என்பதையோ ரத்தம் சொல்லாது. இரட்டை என்றால் இந்தக் கடைசிக் கேள்விக்கு நல்ல விடை கிடைப்பதும் 14 வாரத்துக்குள்தான். அதை வைத்துத்தான் மிச்ச கர்ப்பத்துக்கும் எத்தனை ஸ்கேன் என்று முடிவாகும்.

எல்லாருக்கும் என்.ஐ.பி.டி. தேவை என்று எனக்குத் தோன்றவில்லை. ஸ்கேனும் டபுள் மார்க்கரும் சேர்ந்து நடுத்தரமான அபாயம் என்று காட்டும்போது அது கைகொடுக்கும். மூன்றும் வடிகட்டல்தான், தீர்ப்பு இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ரிப்போர்ட்டில் 1:250 என்று இருந்தால் அப்படிப்பட்ட 250 பேரில் 249 குழந்தைகளுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்காது. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் பனிக்குட நீரையோ நஞ்சின் திசுவையோ ஊசியால் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். அதில் கரு கலையும் வாய்ப்பு சிறிதளவு உண்டு.

பன்னிரண்டாம் வார ஸ்கேனில் பலரும் கவனிக்காத இன்னொரு பலன், பி.பி. கூடுமா என்ற முன்னறிவிப்பு. கருப்பைக்குப் போகும் ரத்தக் குழாய்களை ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரில் பார்த்து, ரத்த அழுத்தத்தையும் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துக் கணக்கிட்டால் யாருக்கு அபாயம் அதிகம் என்று ஓரளவு தெரியும். அவர்களுக்கு 16 வாரத்துக்குள் இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் தொடங்கினால் பலன் இருப்பதை 2017-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. ஐந்தாம் மாத ஸ்கேனில் இதைக் கண்டுபிடித்தால் அந்த வாய்ப்பு போயிருக்கும்.

அஞ்சாம் மாத ஸ்கேன்: எந்த வாரம், எந்த இடம்?

அனாமலி ஸ்கேன், டிஃபா ஸ்கேன், டார்கெட் ஸ்கேன் எல்லாம் ஒன்றுதான். தலை முதல் கால் வரை உறுப்பு உறுப்பாகப் பார்ப்பது. 18-லிருந்து 22 வாரம் வரை எடுக்கலாம் என்பார்கள். 18-ஐ ஒட்டியா, 22-ஐ ஒட்டியா?

இருபத்தொன்று, இருபத்திரண்டில் இதயம் பெரிதாகத் தெரியும், உடம்பு பருமனான பெண்களுக்கு அது உதவி. ஆனால் அப்போது ஏதாவது குறை தெரிந்தால் யோசிக்க நாள் இருக்காது. கருக்கலைப்புச் சட்டத்தில் 2021-ல் வந்த திருத்தப்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20 முதல் 24 வரை, கருவில் பெரிய குறை போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்கு இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். 24-ஐத் தாண்டினால் கணிசமான குறை இருக்கிறது என்று மருத்துவ வாரியம் சொல்ல வேண்டும். பனிக்குட நீர்ப் பரிசோதனையின் முழு முடிவு வர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். 22-வது வாரக் கடைசியில் ஸ்கேன் எடுத்துச் சந்தேகம் வந்தால் முடிவு வரும்போது 24 முடிந்திருக்கும். அதனால் 19 முதல் 20 வாரம் என்பது என் வோட்டு. இதயம் சரியாகத் தெரியாவிட்டால் 22-ல் கருவின் இதயத்தை மட்டும் பார்க்கும் ஃபீட்டல் எக்கோவுக்குத் தனியாக வரச் சொல்வார்கள். கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை இருந்தவர்கள், முதல் குழந்தைக்கு இதயக் கோளாறு இருந்தவர்கள், ஐ.வி.எஃப்.பில் கருத்தரித்தவர்கள் அதை எப்படியும் எடுப்பது நல்லது. சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இந்த ஸ்கேன் அரை மணி நேரமாவது பிடிக்கும், பிடிக்க வேண்டும். குழந்தை ஒத்துழைக்காவிட்டால் இன்னும் இழுக்கும். முதுகை மேலே காட்டிக் கவிழ்ந்து படுத்துக்கொண்டால் இதயமும் தெரியாது, முகமும் தெரியாது. டாக்டர் ஜெல்லைத் துடைத்துவிட்டு, “கீழே போய் ஏதாவது சாப்பிட்டு நடந்துட்டு வாம்மா” என்பார். வெளியே ஏற்கெனவே பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள், முணுமுணுப்பு கிளம்பும். அந்தப் பெண் ஜூஸ் குடித்து, படிக்கட்டில் ஏறி இறங்கி, அரை மணி கழித்துத் திரும்ப வந்து படுத்தால் சில சமயம் குழந்தை அழகாகத் திரும்பியிருக்கும். சில சமயம் அதே முதுகு. அப்போது ரிப்போர்ட்டில் “கருவின் நிலை காரணமாக இதயம் முழுமையாகப் பார்க்க இயலவில்லை” என்று நான் டைப் செய்வேன். அந்த வரி இருக்கும் ரிப்போர்ட்டைக் குறையாக நினைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் நார்மல், நார்மல் என்று ஐந்து நிமிடத்தில் முடித்துக் கொடுக்கும் ரிப்போர்ட்தான் கவலைக்குரியது.

எவ்வளவு பிடிபடும்? 1993-ல் வெளியான ரேடியஸ் என்ற அமெரிக்க ஆய்வு பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை எடுத்துக்கொண்டது. அதில் 24 வாரத்துக்கு முன் பெரிய மருத்துவ மையங்களில் 35 சதவீதக் குறைகள் பிடிபட்டன, மற்ற இடங்களில் 13 சதவீதம்தான். 1999-ல் வந்த யூரோஃபீட்டஸ் ஆய்வில், ஐரோப்பாவின் 61 மருத்துவமனைகளில் பாதியைக் கொஞ்சம் தாண்டியது. அதற்குப் பிறகு மிஷின்கள் எவ்வளவோ மாறிவிட்டன, எண்களும் ஏறியிருக்கின்றன. ஆனால் அந்த முப்பத்தைந்துக்கும் பதிமூன்றுக்கும் நடுவிலுள்ள இடைவெளி எனக்கு முக்கியமாகப் படுகிறது. பார்க்கிற கண்ணும் கையும்தான் வித்தியாசம். எல்லா ஸ்கேனுக்கும் பெரிய இடம் தேட வேண்டியதில்லை, துடிப்பையும் தண்ணீரையும் தெருமுனை சென்டரிலேயே பார்த்துக்கொள்ளலாம். என்.டி.க்கும் அஞ்சாம் மாதத்துக்கும் மட்டும், ஐம்பது கிலோமீட்டர் பஸ் பிடிக்க வேண்டியிருந்தாலும், ஃபீட்டல் மெடிசின் (கருவுக்கான சிறப்பு மருத்துவம்) படித்தவரிடம் போங்கள். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் கடைசி மாதங்களில் குறையுங்கள், இங்கே வேண்டாம்.

உறுப்புக்கு உறுப்பும் மாறும். மண்டை ஓடு இல்லாதது கிட்டத்தட்ட தப்பவே தப்பாது. முதுகுத்தண்டு பிளவு பெரும்பாலும் தெரிந்துவிடும். இதயக் கோளாறில் கணிசமானவை தப்பும். உதட்டுப் பிளவு தெரியும், அண்ணத்தில் மட்டும் பிளவு என்றால் பெரும்பாலும் தெரியாது. ஆசனவாய் அடைப்பு, காது கேளாமை, ஆட்டிசம், தோல் நோய் ஆகியவற்றை எந்த அஞ்சாம் மாத ஸ்கேனிலும் எதிர்பார்க்கக் கூடாது. சிலவகை நீர்த்தேக்கமும் குள்ளத்தன்மையும் ஆறாம் ஏழாம் மாதத்தில்தான் தலைகாட்டும். “ஸ்கேன்ல நார்மல்னு சொன்னாங்களே” என்று பிறந்த பிறகு கோபப்படுகிறவர்களின் கோபத்தில் நியாயம் சில நேரம் உண்டு, பல நேரம் இல்லை.

எதிர்ப்பக்கப் பிழையும் இருக்கிறது. இதயத்தில் வெள்ளைப் புள்ளி, மூளையில் சின்ன நீர்க்கட்டி என்று ரிப்போர்ட்டில் வரும். வேறு எந்தக் குறையும் இல்லாமல், முன்பு எடுத்த என்.டி.யும் டபுள் மார்க்கரும் நன்றாக இருந்தால் இவை தனியாக வருவதற்குப் பெரும்பாலும் அர்த்தம் எதுவும் கிடையாது. அந்த வெள்ளைப் புள்ளி ஆசியப் பெண்களின் கருவில் இன்னும் சகஜம். இருபதாம் வாரத்தில் “நஞ்சு கீழே இருக்கு” என்று சொல்லிப் படுக்கையில் போட்டுவிடுவார்கள். கருப்பை வளர வளர பத்தில் ஒன்பது பேருக்கு அது மேலே ஏறிவிடும். 32-ல் மறுபடி பார்த்துக்கொண்டால் போதும். முன்பு சிசேரியன் ஆனவர்கள் மட்டும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், பழைய தையல் மேல் நஞ்சு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எட்டு, ஒன்பதாம் மாதம்: தேவையா?

எந்தச் சிக்கலும் இல்லாத கர்ப்பிணிக்கு 24 வாரத்துக்குப் பிறகு வழக்கமாக ஸ்கேன் எடுப்பதால் தாய்க்கோ சேய்க்கோ நன்மை என்று பல ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்புகளில் நிரூபணமாகவில்லை. டேப் வைத்து வயிற்றை அளப்பதும், பி.பி., சர்க்கரை, குழந்தையின் அசைவு பார்ப்பதும் தொடர வேண்டும். ஆனாலும் 32-லிருந்து 36-க்குள் ஒன்று எடுத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தலை கீழே இருக்கிறதா, நஞ்சு எங்கே, தண்ணீர் எவ்வளவு, வளர்ச்சி எப்படி என்று நான்கு விஷயம் தெரியும். சர்க்கரை, பி.பி., இரட்டை, வளர்ச்சி குறைவு என்றிருப்பவர்களுக்குக் கணக்கே வேறு. அவர்களுக்கு டாப்ளரோடு அடிக்கடி எடுப்பது உயிர் காக்கும் விஷயம், அங்கே எண்ணிக்கையைப் பற்றிப் பேரம் பேசக் கூடாது.

எடை கேட்காத குடும்பமே இல்லை. ஸ்கேன் எடையில் முன்பின் பதினைந்து சதவீதம் வரை பிழை வரலாம். 3.2 கிலோ என்று நான் டைப் செய்தால் அது 2.7-ஆகவும் இருக்கலாம், 3.7-ஆகவும் இருக்கலாம். மிஷின் தராசில் போட்டு நிறுக்கவில்லை. தலை, வயிறு, தொடை எலும்பு அளவுகளிலிருந்து கணக்குப் போடுகிறது. ஆகவே “எடை ஜாஸ்தி” என்ற ஒற்றைக் காரணத்துக்காக மட்டும் சிசேரியன் பேச்சு வந்தால் இரண்டாவது கருத்துக் கேட்கலாம். வளர்ச்சி குறைகிறதா என்று ஒப்பிட இரண்டு ஸ்கேனுக்கும் நடுவே குறைந்தது இரண்டு வாரம் வேண்டும். ஒரு வாரத்தில் வளரும் வளர்ச்சியைவிட அளவெடுக்கும் பிழை பெரியது.

பனிக்குட நீரைப் பற்றி “தண்ணி கம்மி” என்றால் எண்ணைக் கேளுங்கள். கருப்பையின் நான்கு மூலையும் சேர்த்து அளப்பது 5 முதல் 25 சென்டிமீட்டர் வரை சாதாரணம். ஒரே ஆழமான இடத்தை அளந்தால் 2 முதல் 8 வரை. நான்கு மூலைக் கணக்கில் ஏழு, எட்டு என்று வந்தாலே கீழே இறங்கிவிட்டது என்று பதறுகிறவர்கள் அதிகம். “கொடி சுத்தியிருக்கு” என்பதும் அப்படித்தான். நாலைந்து பிரசவத்தில் ஒன்றில் கழுத்தில் கொடி சுற்றியே இருக்கும், பெரும்பாலானவர்கள் சுகப்பிரசவத்தில் பெற்றுக்கொள்கிறார்கள்.

பணத்தை வைத்து முடிவெடுப்பதானால்

ஒன்றுதான் முடியும் என்றால் 19, 20-வது வாரம். உறுப்புகளும் தெரியும், தேதியும் பத்து நாள் பிழைக்குள் கிடைக்கும். இரண்டு என்றால் பன்னிரண்டாம் வாரத்தைச் சேர்க்கலாம். மூன்றாவதுக்கு 32-லிருந்து 36. நான்காவதாகத்தான் எட்டாம் வாரம். அரசு மருத்துவமனையில் ஸ்கேனுக்குக் காசில்லை. பிரதமர் பெயரிலான திட்டத்தில் மாதந்தோறும் 9-ம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளை டாக்டர்கள் பார்க்கும் நாளில் ஸ்கேனுக்கும் எழுதி வாங்கிக்கொள்ளலாம். கிராம சுகாதார செவிலியரிடம் சீக்கிரமே பதிந்து பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் வாங்கிவிட்டால் இது சுலபம். அங்கே கூட்டம் அதிகம் என்பதால் அஞ்சாம் மாத ஸ்கேனை மட்டும் வெளியே எடுத்து, மற்றதை அரசு மருத்துவமனையில் பார்த்துக்கொள்கிற குடும்பங்களை நிறையப் பார்க்கிறேன். கெட்டிக்கார ஏற்பாடு.

3டி, 4டி பற்றியும் கேட்பார்கள். முகம் அழகாகத் தெரியும், உதட்டுப் பிளவு போன்றவற்றில் டாக்டருக்கு ஒத்தாசையாக இருக்கும். மற்றபடி குறை கண்டுபிடிக்க சாதாரண 2டி படம்தான் ஆதாரம், அதையே டாக்டர்கள் பார்க்கிறார்கள். ஆல்பத்துக்குப் படம் வேண்டும் என்பதற்காக மட்டும் ஸ்கேன் எடுப்பதை கருவின் பாலினத்தைச் சொல்வதைத் தடுக்கும் 1994-ம் வருடச் சட்டமும் அனுமதிப்பதில்லை. எந்த மருத்துவக் காரணத்துக்காக என்று எஃப் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் டேபிளில் படுக்கவே முடியும். ஆணா பெண்ணா என்று கேட்பவர்களுக்கு நான் சுவரில் உள்ள போர்டைக் காட்டிவிடுவேன்.